தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய ஜப்பானியப் பீங்கானை இனங்காணல்

பழைய ஜப்பானியப் பீங்கான் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, அதன் அடியில் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். எழுத்து இருந்தால் அதைப் படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, பொருள் விளங்கியதும் கலத்தின் வயதும் விளங்கிவிட்டதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். கவிழ்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எழுத்திலிருந்து தொடங்குவதுதான் பிழை. அடிப்பகுதியில் மண், வளையம், சூளைத் தழும்பு, நீலத்தின் சாயல் என்று பல தடயங்கள் இருக்கின்றன. அவற்றுள் யாரும் எளிதாகப் போலி செய்யக்கூடியது எழுத்து ஒன்றுதான். ஆகவே எழுத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை முதலில் பார்ப்போம்.

அதற்கும் முன்னதாக ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பாரசீகத்திலிருந்து வந்த ‘பீங்கான்’ என்ற சொல்லை நாம் மிகவும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். ஊறுகாய் போட்டு வைக்கும் பழுப்பும் வெள்ளையுமான ஜாடியும் நமக்குப் பீங்கான்தான், தேநீர்க் கோப்பையும் பீங்கான்தான். இலங்கையிலோ சோறு உண்ணும் தட்டுக்கே பீங்கான் என்று பெயர். சேகரிப்பவருக்கு இந்தத் தாராளம் உதவாது. களிமண்ணைக் குறைந்த வெப்பத்தில் சுட்டால் நீரை உறிஞ்சும் மட்கலம் கிடைக்கிறது. ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் மண் கல்லைப் போல் இறுகி, நீர் கசியாத கலமாகிறது. நம் ஊறுகாய் ஜாடி இந்த வகை. வெண்ணிறப் பீங்கான் கல்லை இடித்து மாவாக்கிக் குழைத்து, 1300 டிகிரியை ஒட்டிச் சுட்டால்தான் மெல்லிய விளிம்பின் வழியே ஒளி ஊடுருவுகிற, நகத்தால் தட்டினால் மணியைப் போல் ஒலிக்கிற உண்மையான பீங்கான் உண்டாகிறது.

ஜப்பானில் இந்த மூன்று வகையும் உண்டு. மூன்றையும் சேகரிப்பவர்களும் உண்டு. செத்தோ, தொக்கோனாமே, எச்சிசென், ஷிகராக்கி, தம்பா, பிசென் என்னும் ஆறு பழஞ்சூளை ஊர்கள் இடைக்காலம் முதல் கல்லாக இறுகிய கலங்களைச் செய்துவந்திருக்கின்றன. பிசென் கலத்துக்குக் கண்ணாடிப் பூச்சே கிடையாது. விறகுச் சாம்பல் படிந்த இடமும் தீ நாக்கு தொட்ட இடமுமே அதன் அலங்காரம். தேநீர்ச் சடங்கை நெறிப்படுத்திய சென் நோ ரிக்கியூவின் (1522–1591) சுவைக்கேற்ப, சக்கரத்தில் வைத்து வனையாமல் கையாலேயே பிடித்துச் செய்யப்பட்டவை ராக்கு கிண்ணங்கள். ஆனால் இவற்றின் வயதைக் கணிப்பது தொடக்கநிலையினருக்கு ஏற்ற வேலை அன்று. பிசெனிலும் ராக்குவிலும் பழைய வடிவத்தையே இன்றைய கைவினைஞரும் ஏறத்தாழ அதே முறையில் செய்கிறார்கள். புதியதையும் பழையதையும் பிரித்துச் சொல்ல, பல ஆண்டுகள் கையில் எடுத்துப் பார்த்த பழக்கம் வேண்டும். அரித்தாப் பீங்கானின் நிலைமை வேறு. அங்கே தொழில்நுட்பம் காலத்துக்குக் காலம் மாறியது. ஒவ்வொரு மாற்றமும் கலத்தின் மேல் தன் தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. கற்றுக்கொள்ளத் தொடங்குபவர் அரித்தாவில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

அரித்தா, கியூஷூ தீவில் இன்றைய சாகா மாகாணத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். 1592க்கும் 1598க்கும் இடையில் ஜப்பானின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த தொயோத்தோமி ஹிதெயோஷி கொரியாவின் மீது இருமுறை படையெடுத்தபோது, அவருடைய படையில் சென்ற சிற்றரசர்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டுவந்து தம் நாடுகளில் குடியமர்த்தினார்கள். அவர்களுள் ஒருவரான யி சாம்பியோங் என்பவர் 1616இல் அரித்தாவின் இசுமியாமாவில் பீங்கான் கல்லைக் கண்டறிந்தார் என்பது ஊர் மரபு. 2016இல் அரித்தா தன் நானூறாவது ஆண்டைக் கொண்டாடியது இந்தக் கணக்கில்தான். சேகரிப்பவர் இந்த ஆண்டை மனத்தில் இருத்த வேண்டியதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முந்தைய ஜப்பானியப் பீங்கான் என்று எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய தேதியோடு ஒரு பொருள் வந்தால், அது பீங்கான் அன்று, அல்லது ஜப்பானியது அன்று, அல்லது தேதி பொய்.

1644இல் சீனாவில் மிங் ஆட்சி வீழ்ந்து, அதைத் தொடர்ந்த போர்களில் ஜிங்தெஜென் சூளைகளின் ஏற்றுமதி குலைந்தபோது, ஐரோப்பாவுக்குப் பீங்கான் விற்றுவந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டை வைத்திருந்த அதே கம்பெனிதான். நாகசாகியில் தெஜிமா என்னும் செயற்கைத் தீவுக்குள் மட்டுமே தங்க அனுமதிக்கப்பட்டிருந்த டச்சு வணிகர்கள், 1659இல் அரித்தாவிடம் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கலங்கள் கேட்டார்கள். அரித்தாச் சரக்கு பக்கத்திலிருந்த இமாரித் துறைமுகத்தில் கப்பலேறியதால், வெளியுலகில் அதற்கு இமாரி என்ற பெயர் நிலைத்தது. அரித்தா வேறு, இமாரி வேறு என்று நினைத்துக் குழம்புவோர் பலர். ஒன்று செய்த ஊர், மற்றது ஏற்றிய துறை.

இன்றைய சந்தை வழக்கில் ‘இமாரி’ என்றால், ஆழ்ந்த நீலமும் இரும்புச் சிவப்பும் பொன்னும் இடைவெளியின்றி நெருங்கிய பாணியைக் குறிக்கும். அதற்கு நேர் எதிரானது, சக்காயிதா காக்கியெமோன் என்ற அரித்தாக் குயவர் குடும்பத்தின் பெயரால் வழங்கும் பாணி: வெண்பரப்பின் பெரும்பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு, ஓரமாக ஒரு மரக்கிளை, இரண்டு காடைகள், அவ்வளவே. ஐரோப்பாவின் முதல் பீங்கான் ஆலையாக 1710இல் தொடங்கிய மைசென் இதைத்தான் விழுந்து விழுந்து நகலெடுத்தது. இந்தப் பால்வெண்மைக்கு ஜப்பானியர் இட்ட பெயர் நிகோஷிதே. அரிசி களைந்த கழுநீரைக் குறிக்கும் அவ்வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நீலத்தின் சாயல் துளியும் கலவாத, சற்றே கதகதப்பான அந்த வெண்மையைப் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றாது. செய்முறை பதினெட்டாம் நூற்றாண்டில் மறைந்துபோயிற்று. குடும்பத்தின் பன்னிரண்டாம், பதின்மூன்றாம் தலைமுறையினர் 1953இல் அதை மீட்டெடுத்தார்கள். ஆகவே 1850இல் செய்த நிகோஷிதே என்று யாராவது ஒரு தட்டை நீட்டினால், வாங்குவதற்கு முன் அவரிடம் கேட்க நமக்குக் கேள்வி இருக்கிறது.

இனித் தட்டைக் கவிழ்ப்போம். தட்டு தரையில் ஊன்றி நிற்கும் வட்டமான விளிம்பை அடிவளையம் என்று சொல்லலாம். சூளையில் உருகும் பூச்சு கீழே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, அந்த வளையத்தின் நுனியில் மட்டும் பூச்சைத் துடைத்துவிடுவார்கள்; பீங்கானின் மண்ணை நேரடியாகப் பார்ப்பதற்குப் பல கலங்களில் அதைத் தவிர வேறு இடமில்லை. அங்கே விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பழைய அரித்தா மண் பெரும்பாலும் சற்றுச் சாம்பல் கலந்திருக்கும். பூச்சு முடியும் எல்லையில் மெல்லிய செம்மஞ்சள் கோடு படர்ந்திருக்கலாம். நூற்றாண்டுக்கணக்கில் மேசையிலும் பாயிலும் உரசிய வளையம் வழவழப்பாக இருக்கும். ஆனால் அந்த வழவழப்பு எல்லாப் பக்கத்திலும் ஒரே சீராக இருக்காது. சுண்ணாம்புக் கட்டியைப் போன்ற தூய வெண்மையும் எந்திரத்தால் இழைத்த சீரும் தென்பட்டால், அது இருபதாம் நூற்றாண்டின் பொருளாக இருக்க வாய்ப்பு மிகுதி.

வளையத்தின் அளவும் பேசும். தொடக்ககால இமாரித் தட்டுகளில், அதாவது 1610களிலிருந்து ஏறக்குறைய 1650 வரையிலானவற்றில், அடிவளையத்தின் விட்டம் தட்டின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும், 21 செ.மீ. தட்டுக்கு 7 செ.மீ. வளையம். கொரியக் குயவரின் கைப்பழக்கம் அது. வளையத்தில் சூளையின் மணல் ஒட்டியிருப்பதும் அக்காலத் தட்டுகளில் அடிக்கடி காணப்படும். சீன முறைகள் பரவிய பிறகு வளையம் அகன்றது, மணலும் போயிற்று. ஓர் அளவுகோலை மட்டும் வைத்துக்கொண்டு முதல் தலைமுறைச் சரக்கையும் பின்னர் வந்ததையும் பிரித்தறிய முடிவது இத்துறையில் அரிதான வசதி.

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த தடயம். அகன்ற தட்டின் நடுப்பகுதி சூளை வெப்பத்தில் இளகித் தொய்ந்துவிடும்; அரித்தா மண்ணுக்கு இந்தப் பலவீனம் அதிகம். அதைத் தாங்குவதற்காக, அடிவளையத்துக்கு உட்பட்ட பரப்பில் கூம்பு வடிவச் சிறு மண்முளைகளை முட்டுக்கொடுத்துச் சுட்டார்கள். சூளை ஆறியபின் முளைகளைத் தட்டி உடைக்கும்போது, அவை இருந்த இடத்தில் கடுகளவு சொரசொரப்பான தழும்புகள் நின்றுவிடும். நடுவில் ஒன்றும் அதைச் சுற்றி நான்குமாக, அல்லது முக்கோணமாக மூன்று என்று அவை அமைந்திருக்கும். இவற்றைக் குறையாக எண்ணிப் பொருளை ஒதுக்கிவிடுவோர் உண்டு. உண்மையில் இவை ஜப்பானின் கையொப்பம். ஜிங்தெஜென்னின் குயவர்கள் பொதுவாக இந்த முறையைக் கையாளவில்லை. இமாரி விற்பனையைப் பார்த்துச் சீனரும் பதினெட்டாம் நூற்றாண்டில் அதே நீலம், சிவப்பு, பொன்னில் தட்டுகள் செய்து போட்டிக்கு வந்தபோது, இரண்டையும் பிரித்தறிய முகப்பு ஓவியத்தைவிட அடியிலுள்ள தழும்பே உறுதியாகக் கைகொடுக்கிறது. ஆனால் தழும்பு ஊரைச் சொல்லுமே தவிர வயதைச் சொல்லாது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் முளை வைத்துச் சுட்டிருக்கிறார்கள்.

வயதைச் சொல்வது நீலம். கோபால்ட் தாதுவைக் கரைத்துப் பூச்சு இடாத கலத்தின் மேல் தீட்டி, பிறகு பூச்சில் முக்கிச் சுடுவதுதான் நீல-வெள்ளைப் பீங்கானின் அடிப்படை. ஜப்பானிய வரலாற்றில் ‘எதோ’ என்று பெயர்பெற்ற காலத்தில் (1603–1868) பயன்பட்ட தாது இயற்கையாகக் கிடைத்தது. அதில் மாங்கனீசும் இரும்பும் கலந்திருந்ததால் நீலம் சற்று மங்கி, சாம்பலோ கருமையோ கலந்து, ஈரத்தாளில் மை பரவியதைப் போல ஓரங்களில் கசிந்திருக்கும். மெய்ஜி ஆட்சி (1868–1912) தொடங்கிய சில ஆண்டுகளிலேயே இந்த நிலை மாறியது. காட்ஃபிரீட் வாக்னர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1870இல் அரித்தாவுக்கு வந்து, ஆலையில் தயாரான செயற்கைக் கோபால்ட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். அது மலிவானது, தூய்மையானது, கண்ணைப் பறிக்கும் ஊதா கலந்த நீலம். இரண்டையும் ஒருமுறை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டால் கண் பிறகு மறக்காது.

இதை நான் கற்றுக்கொண்டது காசு கொடுத்துத்தான். சுமார் 21 செ.மீ. விட்டமுள்ள ஒரு நீலத் தட்டை, நடுவில் தேவதாரு, மூங்கில், பிளம் பூ மூன்றும் ஒரு வட்டத்துக்குள் பின்னிய பழைய மங்கலக் கோலத்தோடு இருந்ததால், எதோ காலக் கைவேலை என்று நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான், கோடு எதுவும் முழுதாக ஓடவில்லை என்பது தெரிந்தது. எல்லாக் கோடுகளும் சிறுசிறு துண்டுகளாக, இடையிடையே வெண்ணிறப் பாலங்களோடு நின்றன. நம் ஊரில் துளையிட்ட கோல அச்சின் மேல் மாவைத் தேய்த்தால் புள்ளியும் துண்டுமாகக் கோலம் விழுமே, அதே தத்துவம்தான்: காகிதத்தில் உருவத்தை வெட்டி, தட்டின் மேல் பதித்து, கோபால்ட்டைத் தடவி எடுத்திருக்கிறார்கள். வெட்டிய காகிதம் உதிர்ந்துவிடாமல் இருக்க விட்ட இணைப்புகளே அந்த வெண்பாலங்கள். இந்த வெட்டுத்தாள் அச்சு 1870களிலும் 1880களிலும் பெருகியது. அதன் பின் செப்புத்தகட்டு அச்சு வந்தது. செப்புத்தகட்டு அச்சில் கோடுகள் நூலிழையாக, முழுமையாக இருக்கும். ஆனால் அச்சுத்தாள் சுற்றிவந்து சேரும் இடத்தில் இலை பாதியில் துண்டாகி நிற்கும், அல்லது ஓர் அலை மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும். கையால் தீட்டியதில் தூரிகை அழுந்திய இடம் அடர்ந்தும் எடுத்த இடம் வெளிறியும் இருக்கும். என் தட்டு எதோ அன்று, மெய்ஜி. கொடுத்த விலை அதிகம். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை.

இப்போது எழுத்துக்கு வரலாம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு அரித்தாக் கலங்களின் அடியில் அடிக்கடி காணப்படுவது, ‘மாபெரும் மிங் பேரரசின் செங்ஹுவா ஆண்டில் செய்தது’ என்று பொருள்படும் ஆறு சீன எழுத்துகள். செங்ஹுவா பேரரசரின் ஆட்சி 1487இல் முடிந்துவிட்டது. அப்போது ஜப்பானில் பீங்கான் செய்யவே யாருக்கும் தெரியாது. இது ஏமாற்று வேலையும் அன்று. சீனப் பீங்கானின் பொற்காலம் என்று கருதப்பட்ட ஆட்சியின் பெயரை மங்கலச் சொல்லைப் போல எழுதிவைப்பது அக்கால வழக்கம். சதுரத்துக்குள் சுழித்து எழுதிய ‘ஃபுக்கு’, அதாவது பேறு, என்ற ஒற்றை எழுத்தும் அப்படித்தான். வாழ்த்தே தவிர முத்திரை அன்று. ‘தாய் நிப்பொன்’, மாபெரும் ஜப்பான், என்று தொடங்கும் எழுத்து இருந்தால் பெரும்பாலும் மெய்ஜி காலத்தது. இன்னொரு சிறு உதவி: பக்கவாட்டில் எழுதிய ஜப்பானிய எழுத்து வலமிருந்து இடமாக ஓடினால், இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம், இடமிருந்து வலமாக எழுதும் வழக்கம் போருக்குப் பின் நிலைபெற்றது.

ஆங்கில எழுத்துள்ள கலங்களுக்கு அமெரிக்கச் சுங்கச் சட்டமே காலக்கணக்கு. 1890இல் நிறைவேறி 1891 மார்ச் முதல் செயல்பட்ட மெக்கின்லி சட்டம், இறக்குமதிப் பொருளின் மேல் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கச் சொன்னது. ஜப்பானியர் ‘நிப்பொன்’ என்று பொறித்தார்கள். அது ஆங்கிலச் சொல் அன்று என்று 1921இல் அமெரிக்கச் சுங்கத்துறை முடிவெடுத்ததால், அதன் பின் ‘ஜப்பான்’ என்று மாறிற்று. ‘ஆக்குபைடு ஜப்பான்’, அதாவது ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான், என்றிருந்தால் 1947 முதல் 1952 வரையிலானது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் கண்ணில் படும் ‘மேட் இன் ஜப்பான்’ தேநீர்க் கோப்பைகள் எல்லாம் இந்தக் கணக்கின்படி இருபதாம் நூற்றாண்டுக்கு உரியவை. ஒளிக்கு எதிரே பிடித்தால் அடியில் ஒரு பெண்முகம் தெரியும் மெல்லிய கோப்பைகளும் அவற்றுள் அடக்கம். அழகானவைதான், ஆனால் அவற்றைத் தொன்மையானவை என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். இந்தக் கணக்குக்கும் எல்லை உண்டு. உள்நாட்டில் விற்ற சரக்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே ஆங்கில எழுத்து இல்லை என்பதால் மட்டும் ஒரு தட்டு 1891க்கு முந்தையதாகிவிடாது. மேலும், ‘நிப்பொன்’ காலக் கலங்களைச் சேகரிப்போர் பெருகியதும் அந்த முத்திரையையே போலியாகப் பொறித்த புதிய சரக்கும் சந்தைக்கு வந்துவிட்டது. 1904இல் தொடங்கிய நோரித்தாக்கே நிறுவனத்தின், மாலைக்குள் ‘எம்’ எழுத்துள்ள முத்திரைக்கு இந்தத் தொல்லை அதிகம். இலங்கையில் மாத்தளையில் ஆலை உள்ள அதே நிறுவனம்தான்.

அரித்தாவுக்கு வெளியே மூன்று பெயர்களையாவது தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நபேஷிமா, அரித்தாவை ஆண்ட குடும்பம் ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கும் பிற சிற்றரசர்களுக்கும் பரிசளிப்பதற்காகவே ஒக்காவாச்சியில் செய்வித்த சரக்கு. உயரமான அடிவளையத்தைச் சுற்றிச் சீப்பின் பற்களைப் போல் நீலக் கோடுகள் நிற்கும், ஆனால் அந்தச் சீப்புக் கோட்டைப் பின்னாளில் பலரும் நகலெடுத்திருக்கிறார்கள். குத்தானி, இன்றைய இஷிகாவாவில் 1655 வாக்கில் தொடங்கி, அரை நூற்றாண்டுக்குப் பின் நின்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் உயிர்த்த சூளை. அதன் முதற்காலச் சரக்கு என்று போற்றப்படுபவற்றில் பெரும்பகுதி உண்மையில் அரித்தாவில் செய்யப்பட்டது என்பதே அகழாய்வுகளுக்குப் பின் பலரும் ஏற்கும் கருத்து. சத்சுமா பீங்கானே அன்று. தந்த நிறத்தில், மேற்பூச்சு முழுதும் மயிரிழை வெடிப்பு ஓடிய மட்கலம். 1867 பாரிஸ் கண்காட்சியில் அது புகழ்பெற்றதும் கியோத்தோ, ஒசாக்கா, யோக்கோஹாமா என்று எல்லா இடத்திலும் செய்யத் தொடங்கிவிட்டார்கள். வட்டத்துக்குள் சிலுவை வரைந்த, சத்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் சின்னத்தை எல்லோரும் தீட்டினார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ‘ராயல் சத்சுமா’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் பேரம் பேசாமல் வைத்துவிட்டு வரலாம்.

பழுதைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. கலத்தை உள்ளங்கையில் ஏந்தி நகத்தால் தட்டினால், வெடிப்பில்லாத பீங்கான் நீண்டு ஒலிக்கும். மயிரிழை வெடிப்பு இருந்தால் ஒலி சட்டென்று அறுந்துபோகும். வெடிப்பை மறைத்து வண்ணம் பூசியிருந்தால், இருட்டறையில் புற ஊதா டார்ச்சைக் காட்டும்போது பூசிய இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் மினுங்கும். அரக்கால் ஒட்டிப் பொன்தூள் தூவும் கின்த்சுகி வேறு வகை. அது பழுதை மறைக்காமல் காட்டுகிறது, ஜப்பானில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. பொருளோடு எழுத்துள்ள மரப்பெட்டி வந்தால் மகிழலாம், ஆனால் பெட்டியும் கலமும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்று பாருங்கள். உடைந்துபோன கிண்ணத்தின் பெட்டிக்குள் வேறொன்றை வைத்து விற்பது பழைய தந்திரம். பூச்சுக்கு மேல் தீட்டிய பழைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அத்தட்டில் ஊறுகாயோ புளிக்குழம்போ பரிமாற வேண்டாம்.

கண்ணைப் பழக்குவதற்கு, ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பானியக் கலங்கள் உள்ளன. ஜெர்மனியின் டிரெஸ்டனில் அகஸ்டஸ் மன்னர் வெறிகொண்டு சேர்த்த பெருந்தொகுப்பு இருக்கிறது. அரித்தாவிலேயே கியூஷூ பீங்கான் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்தில் கவிழ்த்துப் பார்க்க விடமாட்டார்கள். அதனால் முதல் கொள்முதலாக, விளிம்பு உடைந்த பதினெட்டாம் நூற்றாண்டுத் தட்டு ஒன்றையோ, சோபா நூடுல்ஸுக்கான சாறு ஊற்றும் சிறு நீலக் கோப்பை ஒன்றையோ வாங்குங்கள். இரண்டும் விலை குறைவு. மண், வளையம், நீலம் மூன்றையும் கையிலேயே வைத்துப் படிக்கலாம், உடைந்த விளிம்பிலோ மண்ணின் உட்புறமும் தெரியும். படிக்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தரையில் மெத்தென்ற துணி விரித்து, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஒரு சாணுக்கு மேல் தூக்காமல் இரு கைகளாலும் திருப்புங்கள். தேநீர்ச் சடங்கில் விருந்தினர் கிண்ணத்தைப் பார்ப்பதும் இப்படிக் குனிந்துதான்.